கடன் எல்லோர் பெயரில், கண்மாய் யார் பெயரில்?

வளர்ச்சி வங்கிகளின் கடன் ஆவணங்களைப் பெண்ணியவாதிகள் அதிகம் படிப்பதில்லை. நூறு பக்கத்துக்கு மேல் ஓடும் அட்டவணைகளும் சுருக்கெழுத்துகளும் பொருளாதாரம் படித்தவர்களுக்கானவை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அவையும் பிரதிகள்தான். அவற்றிலும் கதைமாந்தர் உண்டு. செயல்படுபவர் ஒருவர், செயலின் பலனைப் பெறுபவர் இன்னொருவர், பின்னணியில் நிற்பவர் பலர். ஒரு நாவலில் பெண் எப்படி எழுதப்பட்டிருக்கிறாள் என்று கேட்கப் பழகிய நாம், அதே கேள்வியைக் கடன் ஆவணத்திடமும் கேட்கலாம். இந்தக் கட்டுரையில் அதைத்தான் செய்யப் பார்க்கிறேன். எடுத்துக்கொண்டிருப்பது மதுரைச் சமவெளிக்கு நன்கு பழகிய இருவகைக் கடன்கள்: பாசனத்துக்கு வந்தவை, மகளிர் குழுக்களுக்கு வந்தவை.

சமயநல்லூர்க்காரி நான். திண்டுக்கல் சாலைக்கும் வைகைக்கும் இடைப்பட்ட ஊர். கிழக்கே பரவை காய்கறிச் சந்தை, மேற்கே போகப் போக சோழவந்தான் நெல் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும். இந்தப் பக்கத்து விவசாயம் 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணையை நம்பி வளர்ந்தது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை சுமார் 45,000 ஏக்கர் இருபோகப் பாசனம் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கால்வாய்களை நவீனப்படுத்த உலக வங்கிக் கடன் 1977இலேயே வந்துவிட்டது. 1984இல் இரண்டாம் கட்டம் வந்தது. வாஷிங்டன் எங்கே இருக்கிறது என்று அறியாத எங்கள் ஊர்க் கிழவிகள் வாஷிங்டன் பணத்தில் பூசிய வாய்க்கால் சிமெண்டில் துணி துவைத்திருக்கிறார்கள்.

அதன்பின் வந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு தொடர்ச்சி புரியும். 1995இல் தமிழ்நாடு நீர்வள ஒருங்கிணைப்புத் திட்டம். 2007இல் 48.5 கோடி டாலர் கடனில் நீர்வள நிலவளத் திட்டம். அது மாநிலத்தின் அறுபதுக்கும் மேற்பட்ட உபவடிநிலங்களில் நடந்தது. 2017 டிசம்பரில் 31.8 கோடி டாலர் கடனில் தமிழ்நாடு நீர்ப்பாசன வேளாண்மை நவீனமயமாக்கும் திட்டம். 66 உபவடிநிலங்கள், ஏறத்தாழ 4,800 கண்மாய்கள் அதன் இலக்கு. ஆண்டுக்கேற்ப சொற்கள் மாறியிருக்கின்றன. எழுபதுகளில் 'நவீனமயம்' என்றார்கள். தொண்ணூறுகளில் 'ஒருங்கிணைப்பு', 'பங்கேற்பு' என்றார்கள். 2017இல் 'காலநிலை மீள்திறன்' நோக்கத்திலேயே இடம்பிடித்துவிட்டது. தரையில் நடந்த வேலையோ பெரும்பாலும் ஒன்றுதான்: கரையை உயர்த்துவது, மடையைச் சீர்செய்வது, கலுங்கைக் கட்டுவது, வரத்துக்கால்வாயைத் தூர்வாருவது.

இந்த வேலைகள் வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்த ஏப்ரலில் வைகை அணையில் மிச்சமிருந்த நீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்ட காட்சியை நாடே பார்த்துச் சிரித்தது. 2024 அக்டோபரிலோ கொட்டிய மழையில் மதுரையின் வடபகுதித் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. காய்ந்தாலும் பெய்தாலும் கண்மாய்தான் இந்தச் சமவெளியின் காப்பு. நல்ல மடை நல்ல மடைதான், எவர் பணத்தில் கட்டினாலும். என் கேள்வி அந்த மடையைத் திறக்கவும் மூடவும் முடிவெடுப்பவர் யார் என்பது.

*

கடன் ஆவணத்தின் நாயகன் 'விவசாயி'. தமிழில் இந்தச் சொல்லுக்குப் பாலில்லை. ஆனாலும் சொன்னதும் மனத்தில் எழுவது துண்டு போட்ட ஓர் ஆண். நாற்றுப் பறிப்பவள், நடுபவள், களையெடுப்பவள், கதிரறுப்பவள் யாரையும் நம் ஊர்ப் பேச்சு விவசாயி என்று அழைப்பதில்லை. 'நடவுக்குப் போறவ', 'கூலிக்குப் போறவ' என்றுதான் சொல்லும். அரசுக் கணக்கும் அப்படித்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நிலக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் உள்ளவை 13.87 விழுக்காடு. அதற்கு ஐந்தாண்டு முன்பு 12.79. ஐந்தாண்டில் ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டி நகர்ந்திருக்கிறது.

இந்த எண்ணுக்கும் கண்மாய்க்கும் என்ன தொடர்பு? தொடர்பைச் செய்து வைத்திருப்பது ஒரு சட்டம்: தமிழ்நாடு விவசாயிகள் பாசன முறைமை மேலாண்மைச் சட்டம், 2000. உலக வங்கியின் 1995 திட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில் வந்த சட்டம் இது. பாசன அமைப்புகளை அரசு மட்டும் பார்த்துக்கொள்ளாமல் பயன்படுத்துவோரும் நிர்வகிக்க வேண்டும் என்ற கொள்கையில், 'நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம்' என்ற அமைப்பை அது உருவாக்கியது. பெயரைக் கேட்டால் நீரைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் இடம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் சங்கத்தில் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர் யாரென்றால் ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர். அதற்குச் சான்று வருவாய்த் துறைப் பதிவேடு.

ஒரு கண்மாயை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று கரையில் நின்று எண்ணிப் பாருங்கள். ஆடுமாடு குளிப்பாட்டுபவள், துணி துவைப்பவள், கோரை அறுப்பவள், கரைவேலமரத்து விறகு பொறுக்குபவள், வற்றும்போது மீன் பிடிப்பவள், கண்மாய் நீர் ஊறினால்தான் தன் தெருக் கிணற்றில் தண்ணீர் பார்க்க முடிபவள். சட்டத்தின் கண்ணில் இவர்களில் எவரும் 'நீரினைப் பயன்படுத்துவோர்' இல்லை. நீரைத் தொடாமலே மதுரை நகரில் குடியிருந்து, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, பட்டாவை மட்டும் வைத்திருப்பவர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறார்.

இதில் சாதி தனியே சொல்லப்பட வேண்டியது. பரம்பரையாக மடை திறந்து நீர் பாய்ச்சி வந்த மடைக்குடும்பன்மாரும் நீர்க்கட்டிகளும் பெரும்பாலும் தலித்துகள். நீரின் நுணுக்கம் முழுவதும் அறிந்த அவர்களுக்குத் தானியமாகக் கூலி உண்டு, முடிவெடுக்கும் உரிமை கிடையாது. கண்மாய் நிர்வாகத்தைப் பழைய கிராம ஒற்றுமையின் சின்னமாகக் கொண்டாடும் எழுத்துகள் நம்மிடம் நிறைய உண்டு. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மாஸ் அந்த ஒற்றுமைக்குள் இருந்த அதிகாரப் படிநிலையை விரிவாகக் காட்டியிருக்கிறார். பட்டாவை அடிப்படையாக்கிய புதிய சங்கம் அந்தப் படிநிலைக்கு முத்திரை குத்திக் கொடுத்தது. நிலமற்ற தலித் பெண் இருமுறை வெளியே நிற்கிறாள்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 2016இல் தமிழ்நாடு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் ஒதுக்கிச் சட்டம் திருத்தியது. ஆகவே ஒரு பெண் ஊராட்சித் தலைவியாக ஊரையே நிர்வகிக்கலாம். அதே ஊர்க் கண்மாயின் பாசனச் சங்கத்தில் நிலம் இல்லாவிட்டால் அவளுக்கு ஓட்டுக் கிடையாது. 40 எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையுடையவை. ஒரே ஊரில் சிறிய கண்மாயில் அவளுக்கு உள்ள குரல், பெரிய கண்மாயின் கரையேறியதும் போய்விடுகிறது. பெரிய வங்கிப் பணம் அதிகம் வருவது அந்தப் பெரிய கண்மாய்களுக்குத்தான்.

*

அப்படியானால் 'உள்ளடக்கிய வளர்ச்சி' என்ற சொல் ஆவணத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? முடிவுகளை அளக்கும் அட்டவணையில். 'நேரடிப் பயனாளிகள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை விழுக்காடு' என்ற வரியை உலக வங்கி பல ஆண்டுகள் தன் திட்டங்களில் பொதுக் குறியீடாக வைத்திருந்தது. ஆசிய வளர்ச்சி வங்கி தன் திட்டங்களைப் பாலினச் சமத்துவ அளவில் நான்கு வகையாகத் தரம் பிரிக்கிறது. 2030க்குள் தன் பணிகளில் 75 விழுக்காடாவது பாலினச் சமத்துவத்தை ஊக்குவிப்பதாக இருக்க வேண்டும் என்பது அதன் அறிவித்த இலக்கு. எண்ணுவது தவறில்லை, எண்ணவே எண்ணாமல் இருந்த காலத்தைவிட இது மேல். ஆனால் பயனாளி என்பவள் பெறுபவள், உறுப்பினர் என்பவர் முடிவெடுப்பவர். இலக்கணத்தில் சொன்னால் ஒன்று செயப்படுபொருள், மற்றது எழுவாய். பயனாளி எண்ணிக்கையை எத்தனை விழுக்காடு உயர்த்தினாலும் செயப்படுபொருள் எழுவாய் ஆகிவிடாது.

பொருளியலாளர் பினா அகர்வால் இந்தியாவிலும் நேபாளத்திலும் சமூகக் காட்டு மேலாண்மைக் குழுக்களை ஆராய்ந்தவர். எல்லோரும் பங்கேற்பதாகச் சொல்லப்படும் அமைப்புகளே பெண்களை விலக்கிவைக்கும் விதத்துக்கு 'பங்கேற்புவழி விலக்கல்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். குழுவில் பெண்கள் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால்தான் அவர்களுடைய குரல் முடிவில் தெரியத் தொடங்குகிறது என்பதும் அவர் ஆய்வு காட்டியது. நம் பாசனச் சங்கங்களில் வாசலிலேயே பட்டா கேட்கப்படுவதால், அந்த எண்ணிக்கை எட்டும் வாய்ப்பே குறைந்துவிடுகிறது.

விளைச்சலை உயர்த்தும் பகுதியிலும் இதே எழுத்து முறைதான். நீர்வள நிலவளத் திட்டம் திருந்திய நெல் சாகுபடியைப் பரவலாக்கியது. குறைந்த விதை, குறைந்த நீர், வரிசை நடவு, களைக்குக் கோனோ வீடர். நீர் மிச்சமாவது நல்லது. ஆனால் கையால் களையெடுப்பது பெண்களின் கூலி வேலையாக இருந்தது. கோனோ வீடர் வந்ததும் பல இடங்களில் அதை உருட்டுவது ஆண்களின் வேலையாகி, கூலியும் அவர்களிடம் போனது. 'சாகுபடிச் செலவு குறைந்தது' என்று அறிக்கை எழுதும். அந்தச் செலவு யாருடைய வருமானம் என்ற வரி அங்கே இருக்காது.

*

இனி மகளிர் குழுக் கடன்கள் பக்கம் வருவோம். வளர்ச்சி வங்கிகள் பெண்களை மறந்துவிட்டன என்று யாரும் சொல்ல முடியாது. 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் பிறகு மதுரை உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிந்தது. தமிழ்நாட்டு சுயஉதவிக் குழுக்களின் அரசு வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. 2005இல் உலக வங்கிக் கடனில் புது வாழ்வுத் திட்டம் வந்தது. 2017இல் அதே வங்கியின் 10 கோடி டாலர் கடனில் வாழ்ந்து காட்டுவோம் திட்டம் வந்தது.

2017 என்ற ஆண்டைக் கவனியுங்கள். ஒரே மாநிலத்துக்கு, ஒரே வங்கி, ஒரே ஆண்டில் கையெழுத்தான அல்லது ஒப்புதலான இரண்டு கடன்கள். ஒன்று 10 கோடி டாலர்: கிராமப்புறத் தொழில், குறிப்பாகப் பெண்களின் தொழில். மற்றது 31.8 கோடி டாலர்: பாசனமும் வேளாண்மையும். முதலாவதில் பெண்தான் மையம். குழு சேர்கிறாள், சேமிக்கிறாள், கடன் வாங்குகிறாள், வட்டியோடு கட்டுகிறாள், பக்கத்து வீட்டுக்காரி கட்டாவிட்டால் அவளையும் விரட்டிக் கட்ட வைக்கிறாள். இரண்டாவதில் கண்மாய் சீராகிறது, அதன் சங்கம் பட்டாதாரரிடம் போகிறது. எங்கள் பக்கத்துத் தெருக்களில் குழுவில் இல்லாத பெண்ணைக் காண்பது அரிது. பாசனச் சங்கத்தில் இருக்கும் பெண்ணைக் காண்பது அதைவிட அரிது.

இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்குத் தெளிவானது இதுதான்: எங்கே திருப்பிக் கட்ட வேண்டியிருக்கிறதோ அங்கே பெண் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறாள். எங்கே சொத்து உருவாகிறதோ அங்கே 'அவர்களில் பெண்கள்' என்ற விழுக்காட்டுக்குள் கரைந்துபோகிறாள். பெண்ணுக்குக் கடன், ஆணுக்கு நீர் என்று யாரும் திட்டமிட்டு எழுதவில்லை. தனித்தனித் துறைகள், தனித்தனி ஆவணங்கள், தனித்தனி அதிகாரிகள். விளைவு மட்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது.

நகரத்திலும் இந்தக் கோடு தொடர்கிறது. தமிழ்நாட்டு நகரங்களின் குடிநீர், கழிவுநீர்க் கட்டமைப்புக்கு 2018இல் ஆசிய வளர்ச்சி வங்கி ஒப்புக்கொண்ட 50 கோடி டாலர் நிதியில் மதுரையும் இருக்கிறது. தண்ணீர்க் குடம் சுமப்பது பெண் என்பதால் இதை நேரடியாகப் பெண்ணுக்கான திட்டம் என்று எழுதுவது எளிது, அதில் உண்மையும் உண்டு. ஆனால் வீட்டுக் குடிநீர் இணைப்பு சொத்து வரி கட்டும் வீட்டோடு பிணைந்தது. வாடகைக் குடியிருப்பிலும் புறம்போக்கிலும் இருப்பவள் வீட்டு உரிமையாளரின் மனசை நம்பித்தான் குடத்தை இறக்கி வைக்க முடியும். இங்கேயும் பட்டாதான் குழாயைத் திறக்கிறது.

*

"நிலம் வைத்திருப்பவர்தான் பாசனத்துக்குப் பொறுப்பு. அவருக்கு ஓட்டு இருப்பதில் என்ன தவறு?" என்று கேட்பவர்கள் உண்டு. கடனைக் கட்டுவது யார் என்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

மாநில அரசு வெளிநாட்டு வங்கியிடம் நேராகக் கடன் வாங்க முடியாது. ஒன்றிய அரசு வாங்கி, அதே நிபந்தனைகளில் மாநிலத்துக்கு மாற்றித் தருகிறது. 2005க்குப் பிறகு வந்த இந்த முறையில், ரூபாயின் மதிப்புச் சரிந்தால் அந்தச் சுமையும் மாநிலத்துடையது. 2017 இறுதியில் ஒரு டாலர் சுமார் 64 ரூபாய். 2024 இறுதியில் சுமார் 85. கடன் முழுவதையும் இந்த இரு விலைகளில் வைத்துப் பார்த்தால், 31.8 கோடி டாலர் என்பது 2,035 கோடி ரூபாயிலிருந்து 2,703 கோடியாகிறது. பணம் பல ஆண்டுகளில் பகுதி பகுதியாக வந்து போவதால் உண்மைக் கணக்கு இப்படி நேராக இருக்காது. ஆனால் சுமை எந்தத் திசையில் போகிறது என்பதை இது காட்டும். இதைக் கட்டுவது அரசுக் கருவூலம். கருவூலத்தை நிரப்புவது எல்லோரும். சமயநல்லூர்ப் பெட்டிக்கடையில் சோப்பும் தேங்காயெண்ணெயும் வாங்கும் கூலிக்காரப் பெண்ணும் அந்தக் கண்மாய்க் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் வரி வாங்கும்போது யாரும் பட்டா கேட்பதில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு, அது நம் தோழிகளிடமிருந்தே வருவது: "வெளிநாட்டு வங்கி நம் சட்டத்தில் நிபந்தனை போட வேண்டும் என்று நாமே கேட்கலாமா?" நியாயமான தயக்கம். நர்மதையில் சர்தார் சரோவர் அணைக்கு 1985இல் உலக வங்கி கடன் கொடுத்தது. மேதா பட்கரும் பள்ளத்தாக்கின் ஆதிவாசிப் பெண்களும் ஆண்களும் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பின், மோர்ஸ் குழு 1992இல் கடுமையான அறிக்கை தந்தது. 1993இல் எஞ்சிய கடனை வேண்டாமென்று இந்தியா விலக்கியது. அதே ஆண்டு வங்கி தனக்கென ஒரு விசாரணைக் குழுவை அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வங்கிகள் தாமாகத் திருந்தியதாக இந்த வரலாற்றில் எந்த அத்தியாயமும் இல்லை. கீழிருந்து தள்ளியபோது மட்டும் நகர்ந்தார்கள். ஆகவே நம் கோரிக்கையின் முகவரி வங்கி அல்ல, நம் சட்டமன்றம்.

அங்கே கேட்க வேண்டியவை புதுமையானவையும் அல்ல. முன்னோடிகள் நம் மாநிலத்திலேயே உண்டு. 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்கு மூதாதையர் சொத்தில் சம பங்கு தந்தது. நாடு முழுவதற்கும் அது 2005இல்தான் வந்தது. ஆனால் 1989 மார்ச்சுக்கு முன் திருமணமானவர்களை நம் திருத்தம் விலக்கி வைத்திருந்தது. எங்கள் குடும்பங்களில் அம்மாக்களின் தலைமுறை பெரும்பாலும் அந்த விலக்கில் விழுந்தது. அடுத்த தலைமுறைக்கோ 'அண்ணன் தம்பி உறவு கெட்டுவிடும்' என்ற ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க. அண்மையில் தாட்கோ வழியே வந்த நன்னிலம் திட்டம், நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்கப் பாதி விலையை ஐந்து லட்சம் ரூபாய் வரை மானியமாகத் தருகிறது. சிறிய திட்டம்தான். ஆனால் பெண்ணைப் பயனாளி என்ற நிலையிலிருந்து பட்டாதாரர் என்ற நிலைக்கு நகர்த்துவது அது.

நில உரிமை பரவக் காலம் பிடிக்கும். கண்மாய் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பாசனச் சங்கத்தின் உறுப்புரிமையைப் பட்டாவிலிருந்து பிரிக்கலாம். குத்தகைக்காரர், பட்டாதாரரின் மனைவி, ஆயக்கட்டில் கூலி வேலை செய்பவர், கால்நடை வைத்திருப்பவர், மடை பார்ப்பவர் ஆகியோருக்கு ஓட்டுத் தரலாம். நிர்வாகக் குழுவில் உள்ளாட்சியைப் போலவே பாதி இடம் பெண்களுக்கும், அதற்குள் தலித் பெண்களுக்கு உரிய பங்கும் ஒதுக்கலாம். இது அனுபவத்தை மீறிய கோரிக்கையல்ல. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையில் உழைத்த நாட்களில் 85 விழுக்காட்டுக்கு மேல் பெண்களுடையவை. அந்த வேலையில் பெரும்பங்கு கண்மாய், ஊருணி, வரத்துக்கால்வாய். மண்ணை வெட்டத் தெரிந்தவர்களுக்கு மடையைப் பற்றிப் பேசவும் தெரியும்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த வங்கிகளின் திட்ட ஆவணங்கள் அவற்றின் இணையதளங்களில் எவரும் எடுத்துப் படிக்கும்படி கிடைக்கின்றன. உங்கள் மாவட்டத்துக்கு வந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே கேள்விகளோடு படியுங்கள். இந்தத் திட்டம் உருவாக்கும் சொத்து யார் பெயரில் பதிவாகிறது? அதை நிர்வகிக்கும் அமைப்பில் ஓட்டு யாருக்கு? திருப்பிக் கட்டுவது யார்? மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் அதை உள்ளடக்கிய வளர்ச்சி என்று தாராளமாக அழைக்கலாம். வராவிட்டால், உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் அந்த ஆவணத்தோடு போய் நில்லுங்கள். கரையை உயர்த்த ஆயிரம் கோடிக் கணக்கில் கடன் வேண்டியிருக்கலாம். 'நீரினைப் பயன்படுத்துவோர்' யார் என்ற வரையறையைத் திருத்த ஒரு டாலரும் கடன் வாங்க வேண்டியதில்லை.